துணிக்குடையில் இறங்கும் விண்கலம்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் நண்பகல் 12.20 மணிக்குத் தும்பா ஏவுதளத்திலிருந்து ரோகிணி வகை ராக்கெட் ஒன்று கிளம்பிற்று. பாறசாலையிலிருந்து தும்பா நாற்பது ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கிருந்து வளிமண்டல ஆராய்ச்சிக்காக ராக்கெட் விடுவது 1963 முதல் நடந்து வருகிற காரியம் ஆகையால், பக்கத்து ஊர்க்காரர்கள்கூடத் தலை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அன்றைய ராக்கெட்டின் மூக்குப் பகுதியில் வழக்கமான கருவிகளோடு மடித்துச் சுருட்டிய ஒரு துணிப்பை இருந்தது. சுமார் 84 கி.மீ. உயரத்தில் அந்தப் பைக்குள் வாயு ஏற்றப்பட்டது. அது விரிந்து, தன்னோடு கட்டப்பட்ட சுமையையும் இழுத்துக்கொண்டு, காற்றை முட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்தபடி கீழே இறங்கிற்று. இன்ஃப்ளேட்டபிள் ஏரோடைனமிக் டிசெலரேட்டர் என்று அதற்கு இஸ்ரோ பெயர் வைத்திருக்கிறது; சுருக்கமாக ஐ.ஏ.டி. நாம் 'காற்றடைத்த வேகத்தடை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்தச் செய்தி வந்தபோது நம் பக்கத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். இனிமேல் நம்மவர்கள் செவ்வாய்க் கோளில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு குதித்துவிடுவார்கள் என்றனர் ஒரு சாரார். "ராக்கெட்டு மேல போயி பலூன் ஊதிச்சாம், இதுக்கா இத்தனை கோடி?" என்று சிரித்தனர் மறு சாரார். இரண்டுமே சரியில்லை. அந்தத் துணிப்பை மெய்ப்பித்தது என்ன, மெய்ப்பிக்காதது என்ன என்று பிரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கணக்கு என்றதும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; ஒரு துணி வியாபாரிக்குப் புரிகிற அளவுதான்.

வேகம் எங்கே போய்த் தொலையும்?

பூமியிலிருந்து செவ்வாய்க்குப் போகும் கலம் அங்கே வளிமண்டலத்தைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ ஐந்தரை கி.மீ. வேகத்தில் இருக்கும். பாறசாலையில் கிளம்பினால் ஏழெட்டு நொடியில் நாகர்கோவில். இந்த வேகத்தில் ஒவ்வொரு கிலோ எடைக்குள்ளும் அடங்கியிருக்கும் ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 15 மெகாஜூல் வருகிறது. ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கடைசிச் சொட்டுவரை ஆவியாக்கிப் பாத்திரத்தைக் காயவிட இந்த ஆற்றல் போதும். அதுவும் ஒரே ஒரு கிலோவுக்கு! தரையில் மெல்ல இறங்க வேண்டுமானால் அவ்வளவையும் ஐந்தாறு நிமிடத்தில் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். எரிபொருள் எரித்துத் தடுக்கலாம். ஆனால் அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் எரிபொருள், அதைச் சுமக்க மேலும் எரிபொருள் என்று வட்டிக்கு வட்டி ஏறிவிடும். எனவே இலவசமாகக் கிடைக்கிற காற்றின்மேல் கொட்டுவதே சிக்கனம்.

காற்று உரசுவதால் கலம் சூடாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உரசலும் உண்டு, பெரும்பங்கு அது அன்று. அவ்வளவு வேகத்தில் வரும் பொருளுக்கு முன்னால் இருக்கிற காற்றுக்கு விலகி ஓட நேரம் கிடைப்பதில்லை. அங்கேயே நசுங்குகிறது. நசுங்கிய வாயு சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிமுனை கையைச் சுடுகிறதே, அதேதான். கலத்துக்கு முன்னால் இப்படி நசுங்கிக் கொதிக்கிற காற்றின் ஒரு விளிம்பு உண்டாகிறது. அதற்கு அதிர்வலை என்று பெயர்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆலன், எக்கர்ஸ் என்ற இருவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வேகமாகப் போகிற பொருள் ஊசிபோலக் கூராக இருக்க வேண்டும் என்றுதான் அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தனர். இவர்களோ, மேலிருந்து திரும்பி வருகிற பொருளுக்கு மழுங்கிய மூக்குதான் நல்லது என்றார்கள். மழுங்கிய மூக்குக்கு முன்னால் அதிர்வலை சற்றுத் தள்ளியே நிற்கும். வெப்பத்தில் பெரும்பங்கு காற்றோடு போய்விடும், கலத்துக்கு மிச்சம் கொஞ்சமே வரும். சந்திரனுக்குப் போய் வந்தவர்கள் அமர்ந்திருந்த அப்போலோ கூடும், 2007 ஜனவரியில் 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வங்கக் கடலில் இறங்கிய நம் இஸ்ரோவின் 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ. கூடும் அப்படி மழுங்கிய மூக்குடையவையே. நம் கூட்டின்மேல் சிலிக்கா ஓடுகள் பதித்திருந்தார்கள்.

ஜி.எஸ்.எம். கணக்கு

தார்ப்பாய் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை ஜி.எஸ்.எம்.?" என்பதுதான். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்பது அதன் பொருள். நெல் காயப்போட ஒன்று, லாரிக்கு மேலே கட்ட ஒன்று என்று இந்த எண்ணை வைத்தே வியாபாரம் நடக்கிறது. விண்கலம் இறங்குகிற சாத்திரத்திலும் தலையாய எண் இதேபோன்ற ஒன்றுதான்: கலத்தின் மொத்த எடையை, காற்றுக்கு அது காட்டுகிற முகத்தின் பரப்பால் வகுக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ? பொறியாளர்கள் வடிவத்துக்குரிய ஒரு எண்ணையும் சேர்த்து வகுத்து, பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட் என்பார்கள். நமக்கு எடைப்பங்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

எடைப்பங்கு கூடுதலாக உள்ள பொருள் காற்றுக்கு மசியாது. கருங்கல்லையும் காய்ந்த இலையையும் மாடியிலிருந்து போட்டால் தெரியும். மசியாத பொருள் அடர்ந்த காற்றுக்குள் இறங்கிய பிறகே வேகம் குறையத் தொடங்கும். அடர்ந்த காற்றில் வேகம் இருந்தால் சூடும் அதிகம். எடைப்பங்கு குறைவான பொருளோ, மேலே மெல்லிய காற்றிலேயே வேகத்தை விட்டுவிடும்.

2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி கலத்தை எடுத்துக்கொள்வோம். வளிமண்டலத்துக்குள் நுழைந்தபோது எடை 3,200 கிலோவுக்கு மேல். வெப்பக் கவசத்தின் விட்டம் 4.5 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 16 சதுர மீட்டர். எடைப்பங்கு 200 கிலோ! ஏன் அதைவிட அகலமாகச் செய்யவில்லை என்று கேட்கலாம். ராக்கெட்டின் தலைக்கூட்டுக்குள் அது அடங்க வேண்டுமே. வாசற்படியைவிடப் பெரிய கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாததுபோல, ராக்கெட்டின் அகலம்தான் கவசத்தின் அகலத்துக்கு எல்லை. மரக்கட்டிலை அப்படியே கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவரை இந்தத் தொல்லை தீராது.

செவ்வாயில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. அங்கே தரையில் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சூடேற்றுவதற்குப் போதுமான காற்று, நிறுத்துவதற்குப் போதாத காற்று. விருந்துக்கு அழைத்துவிட்டுச் சோறு போடாதவன் கதைதான். கியூரியாசிட்டி பாராசூட் விரித்த பிறகும் மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது, மிச்சத்தை ராக்கெட் பொறிகளால் தடுத்து, கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவைத் தாங்கக்கூடிய நாடுகள் எத்தனை? 2016 அக்டோபரில் ஐரோப்பியர் அனுப்பிய ஷியாபரெல்லி தரையில் மோதி நொறுங்கிற்று. இறங்கிய பின் நெடுநாள் வேலை பார்த்த கலங்கள் அமெரிக்காவுக்கும், 2021-இல் இறங்கிய சூராங் வண்டியால் சீனாவுக்கும் மட்டுமே அமைந்தன.

சின்னக் கலங்களின் கதி

2018 மே மாதம் இன்சைட் என்ற பெரிய கலத்தோடு மார்கோ என்ற பெயரில் இரண்டு சிறு கலங்களும் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பெட்டி அளவு, எடை 13.5 கிலோ. கோள்விட்டுக் கோள் போன முதல் கியூப்சாட்கள் அவைதாம். அந்த ஆண்டு நவம்பர் 26-இல் இன்சைட் இறங்கும்போது அதன் சமிக்ஞைகளை உடனுக்குடன் பூமிக்கு அஞ்சல் செய்தன. அதன்பின்? செவ்வாயைத் தாண்டிச் சூரியனைச் சுற்றும் பாதையில் போய்விட்டன. அங்கே நிற்க வழியில்லை, இறங்கவும் வழியில்லை. ஊருக்கு வண்டி உண்டு, நிறுத்தம் இல்லை என்ற நிலை.

இது சின்ன விஷயமன்று. செவ்வாயின் வானிலையை அறிய ஒரே இடத்தில் இறங்கிய ஒரு பெரிய வண்டி போதாது. பத்து இடங்களில் பத்துச் சின்ன நிலையங்கள் வேண்டும். கேரளத்துப் பருவமழையைத் திருவனந்தபுரத்தில் ஒரே ஒரு மழைமானியை வைத்துக்கொண்டு எழுத முடியுமா? சின்னக் கலம் அனுப்ப இன்று பல நாடுகளால் முடியும். ஒரு பல்கலைக்கழகமே கட்டிவிடும். இறக்கத்தான் வழி காணோம். மரக்கட்டிலை விட்டுக் கயிற்றுக்கட்டிலை மடித்துக் கொண்டுபோகலாம் என்று தோன்றியது இந்த இடத்தில்தான்.

கணக்குப் பார்ப்போம். 12 கிலோ கலம். அதற்கு மடக்குக் கவசம் ஒரு 6 கிலோ என்று வைப்போம். விரித்தால் விட்டம் ஒன்றரை மீட்டர், அதாவது இருவர் சேர்ந்து பிடிக்கிற பெரிய குடையின் அளவு. பரப்பு 1.77 சதுர மீட்டர். எடைப்பங்கு 10 கிலோ. கியூரியாசிட்டியின் 200 எங்கே, இது எங்கே! இருபதில் ஒரு பங்கு. செவ்வாயில் ஏழரை கி.மீ. ஏற ஏறக் காற்றின் அடர்த்தி சுமாராகப் பாதியாகும். எனவே இருபதில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள இடம் முப்பது கி.மீ.க்கும் மேலே இருக்கிறது. பெரிய கலம் எங்கே வேகத்தை இழக்கிறதோ அதைவிட முப்பது கி.மீ. உயரத்திலேயே இந்தச் சின்னது வேலையை முடித்துவிடும். உச்ச வெப்பம் இந்தப் பங்கின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது ஆகையால், அதே மூக்கு வளைவுக்குக்கூட நாலரை மடங்கு குறைகிறது. கவசம் கடினமாக இருப்பதால் கலம் பிழைப்பதில்லை. அகலமாக இருப்பதால் பிழைக்கிறது. இரும்பு வேண்டாம், துணி போதும் என்ற துணிச்சல் பொறியாளர்களுக்கு வந்தது இந்த எண்ணிலிருந்துதான்.

குடை பெரிதாக இருந்தால் குலுக்கலும் குறையும் என்று எண்ணத் தோன்றும். அது நடக்காது. கலம் தாங்க வேண்டிய உச்ச அதிர்ச்சி, நுழையும் வேகத்தையும் நுழையும் சரிவையும் மட்டுமே பொறுத்தது என்று அந்த ஆலன், எக்கர்ஸ் கணக்கிலேயே வருகிறது. அகலக் குடைக்கும் குறுகிய குடைக்கும் அடி ஒன்றுதான். விழுகிற உயரம்தான் வேறு. எனக்கு இது முதலில் வியப்பாக இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வந்தது.

கம்பிக் குடையும் காற்றுக் குடையும்

மடக்குக் கவசங்கள் இரண்டு வகை.

முதல் வகை அசல் குடையேதான். நடுவில் மூக்கு, சுற்றிலும் கம்பிகள், கம்பிகளுக்கிடையே இழுத்துக் கட்டிய, கார்பன் நூலால் நெய்த துணி. அமெரிக்கர் இதற்கு அடெப்ட் என்று பெயரிட்டு, 0.7 மீட்டர் விட்டத்தில் செய்த ஒன்றை 2018 செப்டம்பர் 12 அன்று நியூ மெக்சிகோவிலிருந்து சிறு ராக்கெட்டில் ஏற்றி, விண்வெளியில் விரித்துச் சோதித்தார்கள். காற்றில் குடை திருப்பிக்கொண்டு மலர்ந்துவிடுமே என்று ஜூன் மாதத்தில் குடை பிடித்து நடந்தவர்கள் கேட்பார்கள். குடையின் நுனியைக் காற்றுக்கு நேரே காட்டிப் பிடித்துப் பாருங்கள், திரும்பாது. துணி கம்பியின்மேல் நன்றாகப் படியும். காற்று உட்புறமாகப் புகுந்தால்தான் விபரீதம். ஆகவே நுனி எப்போதும் முன்னால் இருக்கும்படி எடையை மூக்கில் வைக்க வேண்டும். இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தக்கை முன்னால் திரும்புவது அந்த விதியால்தான்.

இரண்டாம் வகை காற்றடைத்தது. டயர் ட்யூப்களைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒரு கூம்பு வரும். அதற்கு மேல் வெப்பம் தாங்கும் துணியைப் போர்த்தினால் கவசம் ஆயிற்று. கம்பிக் குடைக்கு எலும்பு உண்டு, இதற்கு மூச்சு மட்டும்தான். மிகப் பெரிய அளவுக்குக் கம்பி எடை கூடிவிடும் என்பதால் காற்றுக் குடை நல்லது. மிகச் சிறிய கலங்களுக்கு வாயுக்குப்பி, வால்வு என்ற சங்கடங்கள் இல்லாத கம்பிக் குடை நல்லது என்பது என் கருத்து. வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு.

குடை என்றதும் சமணனாகிய எனக்குச் சிதறால் மலை நினைவுக்கு வராமல் இராது. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த மலையின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற முனிவர் என்று எங்கள் மரபில் பொருள். அங்குள்ள பாறைச் சிற்பங்களில் தீர்த்தங்கரருக்கு மேலே முக்குடை கவிந்திருக்கும். இதை வைத்துக்கொண்டு, அக்காலத்திலேயே நம்மிடம் விண்கலம் இருந்தது என்று எழுதுகிற கூட்டத்தில் நான் சேர மாட்டேன். முக்குடை அறத்தின் அடையாளம், அடெப்ட் பொறியியல். இரண்டையும் குழப்புவது இரண்டுக்கும் அவமரியாதை.

துணி எரியாதா?

கடைக்கு வந்த ஒரு பள்ளி ஆசிரியரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "அண்ணாச்சி, இரும்பே உருகுற சூட்டுல துணி எப்படி நிக்கும்? கதை விடாதீங்க." நியாயமான கேள்விதான். துணி என்றால் மல்லும் பாலியஸ்டரும் மட்டுமே என்றிருந்தால் நிற்காது. ஊடும் பாவுமாக நெய்யக்கூடியது எதுவானாலும் துணிதான். மண்ணுக்குச் சமமான பொருளைக்கூட இன்று நூலாக இழுக்கிறார்கள்.

தும்பாவில் பறந்தது கெவ்லார் நூலில் நெய்து, பாலிகுளோரோபிரீன் பூசிய துணி. கெவ்லார் என்பது 1965-இல் ஸ்டெஃபனி க்வோலெக் என்ற வேதியியல் பெண்மணி கண்டுபிடித்தது. குண்டு துளைக்காத சட்டை செய்வது இதில்தான். பாலிகுளோரோபிரீன் செயற்கை ரப்பர். நியோப்ரீன் என்றால் கடைக்காரர்களுக்குத் தெரியும். ரப்பர் வெட்டிப் பிழைக்கிற இந்த வட்டாரத்தில் பூச்சு எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை: நெய்த துணியில் கண் இருக்கும், கண்வழியே வாயு கசியும், ரப்பர் கண்ணை அடைக்கும். ஆனால் கெவ்லார் சுமார் 450 பாகை செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். நியோப்ரீனோ நூற்றுச் சொச்சம் பாகையிலேயே நெடுநேரம் நிற்காது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தும்பாச் சோதனைக்கு 68 நாள் கழித்து, 2022 நவம்பர் 10 அன்று, அமெரிக்கர் லாஃப்டிட் என்ற காற்றடைத்த கவசத்தைச் சோதித்தனர். விட்டம் 6 மீட்டர். பூமியைச் சுற்றும் பாதையிலிருந்து மணிக்கு 29,000 கி.மீ. வேகத்தில் உள்ளே வந்து, 130 கி.மீ.க்கும் கீழே வேகம் குறைந்து, பசிபிக் கடலில் விழுந்தது. அதன் மேற்புறம் 1,400 பாகைக்கு மேல் சூடேறத் தக்க நிலை. அதைத் தாங்கியது சிலிக்கான் கார்பைடு நூலில் நெய்த துணி. அது சாணைக்கல்லில் இருக்கும் பொருள். அதற்குக் கீழே வெப்பத்தை மறிக்கும் கம்பளி போன்ற அடுக்குகள், அதற்கும் கீழே வாயு மறிக்கும் மெல்லிய தாள், கடைசியில் வலுவான நூலில் பின்னிய காற்று வளையங்கள். எரியாமல் நிற்பது ஒரு துணி அன்று. ஆளுக்கொரு வேலையாகப் பங்கு போட்டுக்கொண்ட ஒரு துணிக் குடும்பம்.

தும்பாவில் நடந்தது

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஆர்.எச். 300 மார்க் 2 என்ற அந்த ராக்கெட்டின் பெயரில் உள்ள 300 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம். ஒரடி அகலக் குழாய்! அதற்குள் மடித்து வைத்த துணி, உலுக்கலையும் உறைகுளிரையும் தாண்டி, சொன்ன நொடியில், சிக்காமல் சுருங்காமல் கிழியாமல் விரிய வேண்டும். வெயிலில் காய்ந்த தார்ப்பாயை மறுமழைக்குப் பிரிக்கும்போது மடிப்புக் கோட்டிலேயே விரிசல் விட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மடிப்பு என்பது துணியின் பலவீனம். மடிக்காமல் இந்தக் காரியமே இல்லை.

துணிக் கவசத்தை வடிவமைத்தது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அழுத்தி அடைத்த நைட்ரஜனால் அதை ஊதிப் பெருக்குகிற வாயு ஏற்பாட்டைச் செய்தது வலியமலையில் உள்ள திரவ உந்து மையம். அதன் அன்றைய இயக்குநர் நம் குமரி மாவட்டத்துக்காரரான வி. நாராயணன், 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவர் பொறுப்பை ஏற்றவர். பை விரிவதைப் படம்பிடிக்க ஒரு சிறு வீடியோக் கருவியும் உடன் போயிற்று. விரிந்தது, வேகம் குறைந்தது, முன்கூட்டிக் கணித்த பாதையிலேயே இறங்கியது. எரிந்து முடிந்த ராக்கெட் அடுக்குகளைத் திரும்பப் பெறுவதற்கென்றே இப்படி ஒரு கவசம் வடிவமைக்கப்பட்டது இதுவே முதல் முறை என்றும், செவ்வாயிலோ வெள்ளியிலோ சுமைகளை இறக்கவும் இது உதவும் என்றும் இஸ்ரோ அறிவித்தது.

மெய்ப்பிக்காதது என்ன? வெப்பம். இந்த ராக்கெட் பூமியைச் சுற்றும் பாதைக்குப் போகவில்லை. மேலே போய் அப்படியே கீழே வந்தது. 100 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு பொருளைச் சும்மா விட்டால், 40 கி.மீ. உயரத்துக்கு வரும்போது, காற்றே இல்லாவிட்டாலும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கி.மீ. வேகம்தான் கூடும். சுற்றுப்பாதையிலிருந்து வருவதோ நொடிக்கு எட்டு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றல் வேகத்தின் வர்க்கம் அல்லவா? அறுபது மடங்கு வேற்றுமை. அதனால்தான் கெவ்லாரும் ரப்பரும் போதுமாயின. செவ்வாய்க்குப் போகிற துணி வேறாக இருக்க வேண்டும், மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்து பழக வேண்டும். தும்பாவில் தேறியது குடையை விரிக்கிற பாடம். நெருப்பில் நிற்கிற பாடத்துக்குப் பரீட்சை இன்னும் எழுத வேண்டும். இதைச் சொல்வதால் நம்மவர் செய்தது சிறிதாகிவிடாது. முதலில் விரிக்கத் தெரியாதவன் எதையும் இறக்கப் போவதில்லை.

விரிப்பது எளிது என்று எண்ணுகிறவர்கள் ருஷ்யர் பட்ட பாட்டைப் பார்க்கலாம். 1996 நவம்பரில் அவர்கள் அனுப்பிய மார்ஸ் 96 கலத்தில் செவ்வாய்த் தரையில் குத்தி இறங்கும் இரண்டு ஈட்டிகள் இருந்தன. அவற்றுக்குக் காற்றடைத்த தடைகள் கட்டியிருந்தனர். ராக்கெட் பிசகி, கலம் பூமியிலேயே விழுந்து போச்சு. ஐரோப்பியரோடு சேர்ந்து 2000 பிப்ரவரியில் சுற்றுப்பாதையிலிருந்து ஒன்றை இறக்கி மீட்டார்கள். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வோல்னா ராக்கெட்டில் 2002-இலும் 2005-இலும் அனுப்பியவை கைக்குக் கிடைக்கவேயில்லை. ஜப்பானியர் 2017-இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எக் என்ற குட்டிக் கலத்தை விட்டு, மெல்லிய காற்றிலேயே துணிக் கவசத்தை விரித்துப் பார்த்தார்கள். இத்தனை நாடுகள் இத்தனை ஆண்டு முயன்றும், வேற்றுக் கோளின் காற்றில் மடக்குக் கவசம் எதுவும் இன்னும் விரிந்ததில்லை.

தும்பாவைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் பிறந்தது அகமதாபாத்தில், காலிகோ மில் நடத்திய சமணக் குடும்பத்தில். ராக்கெட்டுக்கு வருமுன் 1947-இல் அவர் அமைத்துக்கொடுத்த ஆராய்ச்சி நிலையம் ஏடிரா. நெசவாலைகளுக்காகத் துணியையும் நூலையும் ஆராய்கிற இடம். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதற்குப் பின்பே. அவர் பெயர் தாங்கிய மையம் அதே கடற்கரையிலிருந்து துணியை வானுக்கு அனுப்பியது தற்செயல்தான். ஆனாலும் துணி வியாபாரிக்கு அதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

தரை தொடுவதும், தொடாமல் நிற்பதும்

குடை மட்டும் வைத்து முழுக்க இறங்கிவிட முடியுமா? நாம் மேலே கணக்கிட்ட 18 கிலோ கலம் செவ்வாய்த் தரையைத் தொடும்போது, பாராசூட் இல்லாவிட்டால், நொடிக்கு 50 மீட்டர் அளவு வேகத்தில் இருக்கும். நம் நான்குவழிச் சாலையில் போகிற எந்தக் காரையும்விட வேகம். இதையே ஏற்றுக்கொண்டு, அடிப்பாகம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது. ஷீல்டு என்று பெயர். 2022 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் அத்தகைய நசுங்கும் அடிப்பாகம் ஒன்றை மணிக்கு சுமார் 177 கி.மீ. வேகத்தில் இரும்புத் தகட்டின்மேல் மோதவிட்டார்கள். உள்ளே வைத்திருந்த கைபேசி பிழைத்துக்கொண்டது.

இறங்காமல், கோளைச் சுற்றும் பாதையில் நிற்க மட்டும் விரும்பினால் அதற்கும் இந்தக் குடை உதவும். மார்கோ செய்ய முடியாமற்போனது அதுதான். எரிபொருளுக்குப் பதிலாக, வளிமண்டலத்தின் மேலோரத்தை ஒரு முறை உரசிப் போய்ப் போதிய வேகத்தை மட்டும் இழந்தால், கோளின் ஈர்ப்பு கலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் இழந்தால் விழுந்துவிடும். குறைவாக இழந்தால் தப்பி ஓடிவிடும். காற்றின் அடர்த்தியோ நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடியாது. எனவே குடையை விரித்தபடி உள்ளே போவது. இழந்த வேகத்தைக் கலத்தின் கணினி நொடிக்கு நொடி அளந்து பார்ப்பது. போதும் என்ற கணத்தில் குடையைக் கழற்றி எறிந்துவிடுவது. எடைப்பங்கு அந்த நொடியே பல மடங்கு ஏறும், காற்றின் பிடி விட்டுப்போகும், கலம் மேலே எழும்பிப் பாதையில் போய் நிற்கும். இதை எந்தக் கலமும் இன்னும் செய்து காட்டியதில்லை. திசை திருப்பும் பொறி வேண்டாம், சிறகு வேண்டாம். எப்போது விடுவது என்ற ஒரே முடிவுதான். அந்த முடிவில் சில நொடி தவறினாலும், கலம் ஒன்று தரையில் கிடக்கும், இல்லையேல் மார்கோவின் வழியே போய்விடும்.